எழவுத் தேரி

தூத்துக்குடிப் பழைய இரும்புக் கடையில்
கிலோ கணக்கில் வாங்கிய யூஃபோனியம்.
வாய் நசுங்கி, மூன்றாம் வால்வு இறுகி.
அதன் பெட்டிக்குள், வெல்வெட் துணிக்கு அடியில்
நான்காக மடித்த தாள்.
பூச்சி தின்றது போக மிச்சம்
ஒரு சவ ஊர்வல இசை.

சிஸ்டர் பிரகாசி ஆறு வருஷம்
குவாத்தமாலாவில் காய்ச்சல்காரர்களோடு இருந்தவர்.
எழுதியவர் பெயரை வாசித்துச் சொன்னார்:
எலெவுத்தேரியோ சமயோவா.
டிரம் மிக்கேல்தாஸ் காதைத் தீட்டிக்கொண்டான்.
"எழவுத் தேரியா? நம்ம ஊர்க்காரன்லா அப்ப!"
வெளியே செம்மணல் மேடு
காற்றுக்குக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தது.
மறுத்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தாளின் முதுகில் இசை இல்லை, கணக்கு:

மேற்றிராணியார் அடக்கத்துக்கு வாசித்தது,
நான்கு பெசோ. வரவில்லை.
ஜனாதிபதி மகளுக்கு வால்ட்ஸ் எழுதியது.
ஒரு வான்கோழி வந்தது.
டிரம்முக்கு ஆட்டுத்தோல், கடன்.
மெழுகுதிரி ஆறு.
பட்டாளத்துப் பையன்களுக்குக் கொம்பு பழக்கியது, மூன்று மாதம். வரவில்லை.
அப்பாவின் கள்ளித் தோட்டம் விற்றது.

கள்ளியா, என்றேன்.
சப்பாத்திக் கள்ளிதான், என்றார் சிஸ்டர்.
அதில் பூச்சி வளர்த்து, காயவைத்து, நசுக்கி
சீமைக்குச் சிவப்பு அனுப்பிய காலம்.
பிறகு சீமைக்காரர்கள் தாரிலிருந்தே
நிறம் எடுக்கக் கற்றுக்கொண்டார்கள்.
பூச்சியைக் கேட்க ஆளில்லை.
பூச்சிக்காரன் மகன் ஊதப் போனான்.

எங்கள் வேலிக் கள்ளியும்
அந்தப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்ததுதானாம்.
பழம் தின்ற பயல்கள் இன்றைக்கும்
நாக்கை நீட்டி, ரத்தம் ரத்தம் என்று
கான்வென்ட் பிள்ளைகளைத் துரத்துகிறார்கள்.

டயர் கடை தொம்மையின் அடக்கத்தன்று
முதல்முறை வாசித்தோம்.
தாளின் தலையில் சின்ன எழுத்தில் இருந்தது:
'தூக்குகிறவர்களுக்குக் கால் வலிக்கும். மெதுவாக.'
இப்போது தூக்குகிறவர் யார்?
கண்ணாடி வண்டி, டீசல் எஞ்சின், டிரைவர் செல்லத்துரை.
எங்கள் தாளத்துக்கு முதல் கியரில்
முக்கி முனகி வந்து
நவ்வலடி விலக்கில் நின்றேவிட்டது.
"வெரசா ஊதுங்கலே!" என்று கத்தினான்.

ஒருவரும் வெரசாக ஊதவில்லை.
தொம்மை கடையில் பஞ்சர் ஒட்டும் நாலு பேர்
பெட்டியை இறக்கித் தோளில் வைத்தார்கள்.
கனத்த மனுஷன்.
மணல் கணுக்காலைப் பிடித்து இழுத்தது.
ஒத்திகையில் ஒருநாளும் பிடிபடாத
அந்த நீண்ட இடைவெளிகள்,
இரண்டு சுரத்துக்கு நடுவே
ஆள் காணாமல்போன மாதிரி அவர் விட்டுவைத்தவை,
தோள் மாற்றிக்கொள்வதற்கு.

நடுவில் எட்டு பார் அரித்துப்போயிருந்தது.
"ஒப்பாரியில ரெண்டு இழுப்பு இழுத்திரட்டுமா?"
என்று கேட்டிருந்தாள் கிளாரினெட் ஞானப்பூ.
வேண்டாம் என்றிருந்தேன்.
அந்த எட்டுக்கும் மிக்கேல்தாஸ் மட்டும்,
தோலைத் தளர்த்தி, விரல் நுனியால்.
பின்னால் நடந்தவர்களின் செருப்புச் சத்தம்.
காற்றாலைகள் மட்டும் எங்கள் தாளத்தில் சேரவில்லை.

எப்படிச் செத்தார், தாளில் இல்லை.
அவருக்கு வாசித்தார்களா, தெரியாது.
அந்த ஊரில் ஆறு வருஷம் இருந்தும்
சிஸ்டர் அப்படி ஒரு பெயரைக் கேள்விப்பட்டதில்லையாம்.

ராத்திரி தொம்மையின் மைத்துனர் பணம் தந்தார்.
முக்கில் நின்று டார்ச் வெளிச்சத்தில் எண்ணினேன்.
வீட்டுக்கு வந்து தாளைத் திருப்பி
பழுப்பேறிய அவர் மைக்கு அடியில்
பால்பாயிண்டில் எழுதிவைத்தேன்:

தொம்மை அடக்கம், திசையன்விளை.
இருநூறு ரூபாய். வரவில்லை.